அவர் உங்களுக்கு என்ன வேணும்?

கல்யாணப் பத்திரிகையை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. தேதி, மண்டபம், முகூர்த்த நேரம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு டிவி மேல் செருகிவைத்துவிடுவார்கள். நடுவில் ஒரு வரி இருக்கும்: 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்துமாறு' அழைக்கும் வரி. தாத்தா காலத்துப் பத்திரிகை பழைய பெட்டியில் கிடைத்தால், பல வீடுகளில் அதே இடத்தில் 'இஷ்டமித்திர பந்துக்களுடன்' என்று இருப்பதைப் பார்க்கலாம். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்னால் வந்த திராவிட இயக்க மேடைகளும் சேர்ந்து செய்த வேலை அது. விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை திருமண அழைப்பிதழ் ஆனபோது, பந்துக்கள் இறங்கிக்கொள்ள, சுற்றம் ஏறிக்கொண்டது.

ஆனால் வீட்டுக்குள் 'சுற்றம் வந்திருக்கு' என்று யாரும் சொல்வதில்லை. 'சொந்தக்காரங்க வந்திருக்காங்க' என்கிறார்கள். கொஞ்சம் நயமாகப் பேசுகிறவர்கள் 'உறவுக்காரங்க' என்பார்கள். வாசலில் நிற்பது அதே ஆட்கள்தான். ஆனால் பந்து, சுற்றம், சொந்தம், உறவு என்னும் நான்கு சொற்களும் நான்கு வெவ்வேறு படங்களை வைத்திருக்கின்றன. ஒன்றில் கயிறு இருக்கிறது, ஒன்றில் வட்டம், ஒன்றில் உடைமை, ஒன்றில் தொடுகை. நான்கிலும் தேடிக் கிடைக்காத ஒன்று உண்டு: ரத்தம். அது வேண்டுமென்றால் 'ரத்த உறவு', 'ரத்த சம்பந்தம்' என்று முன்னால் ஒட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உறவிலிருந்தே தொடங்கலாம். செல் என்பதிலிருந்து செலவு வந்ததுபோல உறு என்பதிலிருந்து உறவு வந்தது. உறு என்ற வினைக்கு அகராதிகள் நீளமாகப் பொருள் சொல்கின்றன: அடைதல், நேர்தல், பொருந்துதல், சேர்தல், தொடுதல், அனுபவித்தல். தமிழன் இந்த வினையை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறான். ஆனால் தனியாக அல்ல, வால்போல ஒட்டவைத்து. நோயுற்றான், கவலையுற்றாள், கேள்வியுற்றேன், விபத்துக்குள்ளாகிக் காயமுற்றனர். இவற்றில் எல்லாம் ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து மனிதன்மேல் படுகிறது. காலணிக்குள் கல் உறுத்துவதும் இதே குடும்பம்தான். கண்ணால் போய்த் தொடுவதுபோலப் பார்ப்பது உற்றுப் பார்ப்பது. காதைக் கொண்டுபோய் வைப்பதுபோலக் கேட்பது உற்றுக் கேட்பது.

இந்த வினையின் அடியில் இருப்பது தொடுகை என்பதற்கு நல்ல சாட்சி 'ஊறு'. கெடு என்பது கேடு ஆவதுபோல, சுடு என்பது சூடு ஆவதுபோல, உறு என்பது முதல் எழுத்து நீண்டு ஊறு ஆகிறது. இன்றைக்கு ஊறு என்றால் காயம், தீங்கு. பழந்தமிழில் அது ஐம்புலன்களில் ஒன்று. ஓசை, ஒளி, நாற்றம், சுவை என்பவற்றோடு ஐந்தாவதாக நிற்கிற தோலின் அறிவு அது. திருக்குறளின் 27ஆம் குறளில் அந்தப் பொருளில்தான் வருகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும்போது, முதல் படியில் நிற்கும் புல்லுக்கும் மரத்துக்கும் தருவது உற்று அறியும் அறிவு. கண், காது, மூக்கு, நாக்கு எதுவும் இல்லாத உயிருக்கும் வாய்த்த ஒரே அறிவு தொடுகை. உறவு என்ற சொல் முளைத்த இடம் அது.

ஆக, உற்றார் என்பவர் முதலில் பக்கத்தில் வந்து பொருந்தியவர். 'உற்ற நண்பன்' என்கிற வழக்கில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. நண்பனுக்குப் பிறப்பில் சம்பந்தம் ஏதும் கிடையாது, ஆனாலும் அவன் உற்றவன். மலையாளத்திலும் நெருங்கிய தோழனுக்கு 'உற்ற' என்ற அடைதான். 'ஒட்டும் இல்லை, உறவும் இல்லை' என்று சண்டையில் கத்தும்போது நம் ஆட்கள் இரண்டு தொடுகைச் சொற்களை அடுத்தடுத்து வைக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

சுற்றம் எளிது. சுற்றி இருப்பவர்கள் சுற்றம். தெலுங்கில் உறவினரைக் குறிக்கும் 'சுட்டம்' இதன் உடன்பிறப்பு. அங்கே 'சுட்டு' என்றால் சுற்று. தமிழில் பத்திரிகைக்கும் மேடைக்கும் ஒதுங்கிவிட்ட சொல் ஆந்திராவில் இன்றும் வீட்டுத் திண்ணையில் புழங்குகிறது. கன்னடத்தில் உறவினர் 'நெண்டரு'. நம்முடைய நண்பு, நட்பு, நண்ணுதல் எல்லாம் அந்தப் பக்கத்துச் சொற்கள். நெருங்கி வருதல் என்பதே வேர். தமிழில் நண்பனுக்குப் போன சொல் கன்னடத்தில் சொந்தக்காரருக்குப் போயிருக்கிறது. அங்கே உறவுக்குப் பெயரான சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் 'நண்டு' என்றாகிவிடும் என்பது தனிக்கதை.

கேள் என்ற சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் சுவையானது. கேள் என்றால் உறவு, நட்பு. கேளிர் உறவினர், கேண்மை நட்பு, கேள்வன் கணவன். கன்னடத்தில் நண்பனைக் குறிக்கும் 'கெளெய' இதே வேர். தமிழ்ப் பேச்சில் இந்தச் சொல் செத்துவிட்டது. ஆனால் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாட்டு அதை முதல் அடியிலேயே வைத்திருப்பதால், அரசு அலுவலகச் சுவர்களிலும் மாநாட்டுப் பந்தல்களிலும் தினமும் கண்ணில் படுகிறது. எழுதுகிறவருக்கு உறவுப்பொருள் தெரியாதபோது கை தானாக நெடில் போட்டுவிடும். 'கேளிர்' 'கேளீர்' ஆகிவிடும். எல்லோரும் உறவினர் என்ற பாட்டு 'எல்லோரும் கேளுங்கள்' என்று அறிவிப்பாக மாறிவிடும். சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டிதான் அந்தப் பூங்குன்றம் என்று பெருமையோடு சொல்கிறவர்கள், அடுத்த முறை பெயர்ப்பலகையை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம்.

கிளை என்பதும் உறவுதான். மரக்கிளையும் மனிதக் கிளையும் ஒரே சொல்லாகிவிட்டன. கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை, கொத்து என்றே குலப்பிரிவுகள் இருந்தன. கிளை தாய்வழியாக இறங்கும், ஒரே கிளைக்குள் பெண் எடுப்பதில்லை. மரத்தின் படம் வடமொழியிலும் உண்டு. வம்சம் என்ற சொல்லுக்கு அங்கே முதற்பொருள் மூங்கில். கணுக்கணுவாக வளர்கிற மூங்கிலில் தலைமுறைகளைப் பார்த்தவன் நல்ல பார்வைக்காரன்.

இனி, இன்னும் நுட்பமான இடத்துக்கு வரலாம். தமிழில் உறவுச்சொற்கள் சிலவற்றுக்குள் 'யாருடைய' என்ற செய்தி ஏற்கெனவே தைக்கப்பட்டிருந்தது. இன்று 'என் அப்பா, உன் அப்பா, அவன் அப்பா' என்கிறோம். பழந்தமிழில் எந்தை, நுந்தை, தந்தை. மூன்றும் மூன்று தனிச்சொற்கள். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், தாய் என்றால் அவர்களுடைய தாய். அதேபோல எம்பி, உம்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. தமையன், தமக்கை இரண்டிலும் 'தம்' இருக்கிறது. உறவினரைப் பொதுவாகச் சொல்வதற்கும் இந்த முறைதான்: எமர், நுமர், தமர். எம்மவர், உம்மவர், தம்மவர்.

இதன் பொருள், உறவு என்பது ஒரு மனிதனுடைய பட்டம் அல்ல, இரண்டு பேருக்கு நடுவே இருக்கிற ஒன்று என்பதை இலக்கணமே வற்புறுத்தியது என்பதுதான். வெறுமனே 'தந்தை' என்று ஒருவர் இருக்க முடியாது. யாருக்கு என்பதோடுதான் அவர் வருவார். காலப்போக்கில் என், உன் என்கிற வடிவங்கள் உதிர்ந்து, தம் என்கிற வடிவம் மட்டும் பொதுச்சொல்லாக நின்றுவிட்டது. ஆகவே இன்று 'என் தம்பி' என்று சொல்கிறவர், சொல்லின் எலும்பைப் பார்த்தால், 'என் அவருடைய பின்னவன்' என்கிறார். யாருக்கும் உறுத்துவதில்லை. டீக்கடையில் முகம் தெரியாத பையனையும் 'தம்பி, ஒரு டீ' என்று கூப்பிட முடிகிறது. அண்ணா 'தம்பிக்கு' என்று கடிதங்கள் எழுதினார், கலைஞர் 'உடன்பிறப்பே' என்று தொடங்கினார், எம்.ஜி.ஆர். மேடையில் 'ரத்தத்தின் ரத்தமான' என்று சேர்த்துக்கொண்டார். தமிழ்நாட்டு அரசியலில் கட்சிக்காரனைத் தோழர் என்பவர்களைவிடச் சொந்தக்காரனாக்கிக்கொண்டவர்களே அதிகம் ஜெயித்திருக்கிறார்கள்.

குறுந்தொகையின் 40ஆம் பாட்டு இந்தச் சொற்களையெல்லாம் ஒரே மூச்சில் எடுத்துவைத்து, கடைசியில் தள்ளிவிடுகிறது. தலைவன் தன் காதலியிடம் கேட்பது முறை விசாரணை: நம் இருவருடைய தாய்மார் ஒருவருக்கொருவர் யார், தந்தைமார் எந்த வழியில் உறவு, நாம் எப்படி அறிமுகம்? எதற்கும் விடை இல்லை. விடைக்குப் பதில் வருவது செம்மண்ணில் விழுந்த மழைநீர். எழுதியவர் பெயரே மறந்துபோய், அந்த உவமையே பெயராகி, செம்புலப்பெயனீரார் ஆகிவிட்டார். ஏ.கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட சங்கக் கவிதை மொழிபெயர்ப்பு நூல் வழியாக ஆங்கிலம் படிக்கிற உலகமும் இதைத் தெரிந்துகொண்டது. காதல் பாட்டாகவே இதைப் படித்துப் பழகிவிட்டோம். உறவு என்ற சொல்லைப் பற்றிய வழக்காகவும் படிக்கலாம். முறைவழி உறவு ஒரு கட்சி, தொடுகைவழி உறவு எதிர்க்கட்சி. தீர்ப்பு மழைக்குச் சாதகம்.

முறைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எந்தக் கல்யாண மண்டபத்திலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தபின் இரண்டு பெரியவர்கள் இப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்கலாம்:

"பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

"பொண்ணோட அம்மாவுக்கு நான் ஒண்ணுவிட்ட சித்தி வேணும். நீங்க?"

"மாப்பிள்ளையோட தாத்தாவும் எங்க வீட்டுக்காரரும் பங்காளிங்க."

"அப்ப நாம சம்பந்தி முறைல்ல!"

நான்கு வரிக்குள் ஒரு முழு வரைபடம் போட்டாகிவிட்டது. இதில் 'ஒண்ணுவிட்ட' என்பது இடைவெளியை எண்ணிச் சொல்வது. 'பங்காளி' பங்கிலிருந்து வந்தவர்; பாட்டன் சொத்திலும் பங்கு, சாவுத் தீட்டிலும் பங்கு. ஆனால் அசரவைப்பது அந்த 'வேணும்'. தேவை, விருப்பம் என்று பொருள்படும் வினை, 'அவர் எனக்கு மாமா வேணும்' என்னும்போது உறவைச் சொல்கிறது. தமிழ் படிக்க வந்த வெளிநாட்டார் ஒருவர் இதைக் கேட்டால், பாவம், மாமா இல்லாத குறையால் தவிக்கிறார் என்றுதான் நினைப்பார். சில ஊர்களில் 'ஆகணும்' என்பார்கள்: 'அவர் உங்களுக்கு என்ன ஆகணும்?' இந்த வழக்கை வேறு ஒரு வழக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நெருக்கமானவரை 'ரொம்ப வேண்டியவர்' என்கிறோம், பகையாளியை 'வேண்டாதவர்' என்கிறோம். வேண்டுதல்தான் அங்கே உறவு. வேண்டாம் என்றால் மாமாவும் மாமா அல்ல.

இந்த வரைபடம் வெளிநாட்டாரை உண்மையிலேயே திகைக்கவைத்தது. அமெரிக்கர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட பெருநூலில், தமிழர்களின் உறவுப்பெயர் முறையும் நியூயார்க் பக்கத்துச் செனெகா பழங்குடிகளின் முறையும் வியப்பூட்டும் அளவு ஒத்திருப்பதைக் காட்டினார். இரண்டிலும் அப்பாவின் அண்ணன் தம்பி அப்பாக்களே. அம்மாவின் உடன்பிறந்தான் மட்டும் வேறு ஆள், மாமன். இரண்டு மக்களுக்கும் பழைய தொடர்பு இருக்கும் என்று அவர் போட்ட கணக்கு நிற்கவில்லை. மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன், 1953இல் எழுதிய கட்டுரையில் வேறு இடத்தைத் தொட்டார். தமிழர் உறவுப்பெயர்களின் அச்சு ரத்தம் அல்ல, கொண்டு கொடுத்தல் என்றார் அவர். மாமன், மச்சான், அத்தை, சம்பந்தி என்று ஒரு பாதி உறவுமுறை முழுக்கத் திருமணத்தின்மேல் நிற்கிறது. ஒரு கல்யாணத்தில் பிறந்த உறவு அடுத்த தலைமுறையில் இன்னொரு கல்யாணத்தால் புதுப்பிக்கப்படுகிறது. 'சொந்தம் விட்டுப்போயிடக் கூடாதுன்னு' பெண் கொடுத்த குடும்பங்களுக்கு இதைக் கட்டுரை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

சம்பந்தி என்ற சொல் கயிற்றுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வடமொழி 'பந்த்' என்றால் கட்டு. பந்தம், பந்து, சம்பந்தம், நிர்ப்பந்தம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆங்கிலத்தின் 'பைண்ட்', 'பாண்ட்' இரண்டும் இதற்குத் தூரத்து ஒண்ணுவிட்ட உறவு. நன்றாகக் கட்டினால் சம்பந்தம், விருப்பமில்லாமல் கட்டினால் நிர்ப்பந்தம். மலபாரில் நாயர்களின் திருமண முறைக்கே சம்பந்தம் என்று பெயர். அதைப் பதிவு செய்துகொள்ள வழிவிட்டு 1896இல் ஒரு சட்டமும் வந்தது. தமிழ்நாட்டில் சம்பந்தம் பேசுவார்கள், கலப்பார்கள். சம்பந்தி விருந்து நடக்கும். ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் நடக்கும் சமபந்தி விருந்தைச் சிலர் சம்பந்தி விருந்து என்றே சொல்லிவிடுவதும் உண்டு. எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் சம்பந்தி ஆகிவிடலாம் என்ற நம்பிக்கை நல்லதுதான். நாட்டு நடப்பு வேறு.

கயிற்றுச் சொற்களில் பெரிய குட்டிக்கரணம் போட்டது பாசம். வடமொழியில் அது சுருக்குக் கயிறு. எமன் கையில் இருப்பது அதுதான். சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்ற மூன்றில் உயிரைக் கட்டிவைத்திருக்கும் விலங்கு அது. ஆணவம், கன்மம், மாயை என மூன்று முறுக்குக் கொண்டது. 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் முதல், சாத்திரம் எழுதியவர்கள் எல்லோரும் அதை அறுக்க வழி தேடினார்கள். 1961இல் அதே சொல் பூவாகி, 'பாசமலர்' என்ற பெயரில் தமிழ்நாட்டையே அழவைத்தது. அண்ணனும் தங்கையும் அறுக்க மாட்டாமல் அழுத அந்தக் கயிற்றைச் சித்தாந்தி பார்த்திருந்தால், 'இதைத்தானே சொன்னேன்' என்றிருப்பார். அறுபட வேண்டிய கட்டு எப்படிப் பேணப்பட வேண்டிய அன்பாயிற்று? சொல்லின் பொருள் மாறியது என்று சொல்லிவிடலாம். கட்டு என்னவோ மாறவில்லை. கட்டுண்டவர்களின் கட்சிதான் மாறியது.

சொந்தம் 'ஸ்வ' என்ற வடசொல்லோடு சேர்ந்தது. மலையாளத்தின் 'ஸ்வந்தம்' அதைக் காட்டிக்கொடுக்கிறது. தன்னுடையது என்பதே பொருள். அதனால்தான் கடையின் முதலாளியும் சொந்தக்காரர், கடன் கேட்டு வரும் மைத்துனரும் சொந்தக்காரர். உடைமையையும் உறவையும் ஒன்றாகப் பார்ப்பது இங்கே புதிதல்ல. ஆறாம் வேற்றுமைக்கு இலக்கணம் வைத்த பெயர் கிழமைப் பொருள். கண்ணனது கை தற்கிழமை, கண்ணனது வீடு பிறிதின் கிழமை. கோவூர் கிழார் என்றால் கோவூருக்கு உரியவர். அந்தக் கிழமை இன்று ஏழு நாட்களின் வாலாகத் தொங்குகிறது. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை.

மிச்சமிருப்பது, இன்று அதிகம் உழைக்கிற சொல்: தொடர்பு. தொடு, தொடர், தொடுப்பு, தொடை எல்லாம் ஒரே கொடி. பூக்காரம்மாவின் விரல்களைப் பார்த்தால் சொல் விளங்கிவிடும். நனைத்த வாழைநாரை இடது கையில் பிடித்து, இரண்டு மல்லிகை இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் காம்போடு காம்பு பொருந்த வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி வளையத்துக்குள் நுழைத்து இழுக்கிறார். பூவுக்குப் பூ தொட்டுக்கொண்டிருக்கிறது. தொடுகை அறாமல் முழம் முழமாக நீள்கிறது. அதுதான் தொடுத்தல், தொடர்தல். பழந்தமிழில் தொடர் என்றால் சங்கிலி. 783ஆம் குறளில் தொடர்பு என்பது பண்புள்ளவர்களின் நட்பு. பிறகு அது அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது. அரசுக்கு மக்கள் தொடர்புத் துறை கிடைத்தது. கைபேசியில் பதிவுக்குரல், நாம் அழைத்தவர் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' இருக்கிறார் என்கிறது. இளைஞர்கள் 'டச் விட்டுப்போச்சு' என்கிறார்கள், 'காண்டாக்ட்' கேட்கிறார்கள். டச் என்றால் தொடுதல். காண்டாக்டும் லத்தீனில் தொடுதலிலிருந்து வந்ததுதான். கடன் வாங்கியபோதும் தமிழன் தன் வீட்டில் இருந்த பாத்திரத்தையே வாங்கி வந்திருக்கிறான்.

இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரு பொதுச் சாபமும் உண்டு. செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தைப் பிரித்தால் கள்ளத்தொடர்பு, தகாத உறவு, 'அவருக்கும் இவருக்கும் பழக்கம்'. ஊர்ப்பேச்சில் 'தொடுப்பு'. 'உறவு' என்று மட்டும் எழுதினால் உடலுறவு என்று எடுத்துக்கொள்ளும் வாசகர் உண்டு. தொடுகையில் பிறந்த சொற்கள் தொடுகைக்கே திரும்புகின்றன என்று சொல்லலாம்தான். ஆனால் திரும்புகிற வழி எப்போதும் காவல் நிலையம் வழியாகவே இருக்கிறது.

முறியும்போதும் ஒவ்வொரு சொல்லும் தன் பழைய உடம்பைக் காட்டிவிடுகிறது. உறவு பெரும்பாலும் முறிகிறது, கிளைபோல. தொடர்பு அறுகிறது, துண்டிக்கப்படுகிறது, சங்கிலிபோல. சொந்தம் 'விட்டுப்போகிறது'. எதுவும் காரணம் தெரியாமல் ஒட்டிக்கொண்டால் 'விட்ட குறை, தொட்ட குறை' என்று முன்பிறவிக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பேச்சில் உறவு என்ற தொழிற்பெயர் ஆளுக்கும் பெயராகிவிட்டது. 'உறவுகள் வந்திருக்கு', 'அன்பு உறவுகளே' என்பதெல்லாம் இப்போது இயல்பு. ஈழத்தமிழரிடம் இந்த வழக்கு அழுத்தமானது. தமிழ்நாட்டு மேடைகளில் அவர்களைத் 'தொப்புள்கொடி உறவுகள்' என்பதும் பல பத்தாண்டுப் பழக்கம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், போரிலும் அதன் முடிவிலும் காணாமல் போனவர்களின் தாய்மார் சாலையோரப் பந்தல்களில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களுடைய அமைப்பின் பெயரில் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்' என்று இருக்கிறது. பெயரின்படி உறவுகள் என்றால் பந்தலில் உட்கார்ந்து தேடுகிறவர்கள். அவர்கள் வாய்திறந்து 'எங்கட உறவுகள்' என்னும்போது அது மடியில் வைத்திருக்கும் சட்டமிட்ட படத்தில் இருப்பவரைக் குறிக்கிறது.